பார்த்தவனின் தாய்

மகனை உள்ளே தள்ளி, கதவை வெளியிலிருந்து பூட்டினாள் பூவம்மாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சந்தை நாள். ஆரணிப் பக்கத்துப் பையன்களெல்லாம் சேர்ந்து போலீஸ் ஸ்டேஷன் முன்னால் உட்காரப் போவதாகப் பேச்சு. எல்லாம் ஹயாத் பாஷாவுக்காக. பழவேற்காட்டுக் கருவாட்டைச் சந்தையில் விற்றுவந்த பையன் அவன். பூவம்மாளின் மகன் பூவராகவனுக்கு உயிர்த்தோழன். ஓசியில் கருவாடு தர மறுத்தான் என்று ஒரு கான்ஸ்டபிள் அவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனான். மறுநாள் மாட்டுவண்டியில் பிணம் வந்தது. காக்காய் வலிப்பாம். வண்டியிலிருந்து இறக்கும்போது கால்மாட்டைப் பிடித்தவன் பூவராகவன். உள்ளங்கால் இரண்டும் அடிபட்டுப் பிளந்து, கறுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டான். குளிப்பாட்டிய பெரியவர்களும் பார்த்தார்கள்தான். பயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு ஒரு ஏட்டு சைக்கிளில் வந்து பூவம்மாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, பையனுக்கு என்ன வயது என்று சிரித்தபடி விசாரித்தார்.

உச்சிவெயிலில் பீவி ஜான் வந்து நின்றாள். ஹயாத்தைப் பெற்றவள். பூட்டைப் பார்த்தாள்.

"உள்ளதான் இருக்கானா?"

பூவம்மாள் தலையாட்டினாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தொறக்காத பூவம்மா. என் புள்ள போனதே போதும். பசங்க வெயில்ல குந்திக்கினு இருக்காங்க, நான் போறேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் கதவுக்குப் பின்னாலிருந்து பூவராகவன் பேசினான். கத்தவில்லை, கதவை உதைக்கவில்லை.

"ம்மா. நான் சொல்லலன்னா அது வலிப்புதான்மா."

பூவம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பூட்டைத் திறந்தாள். அவனைத் தனியே விடவில்லை. சட்டையைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

ஸ்டேஷன் முன்னால் இரண்டு போலீஸ் லாரிகள். தடியோடு வரிசையாக நின்றார்கள். எதிரே புழுதியில் பையன்கள். அவர்களுக்கு முன்னால் பீவி ஜான். தாயும் மகனும் பையன்களோடு உட்கார்ந்தார்கள். சப்-கலெக்டர் ஜீப்பில் வந்து இறங்கி, அடித்ததற்கு என்ன சாட்சி, உடம்பைப் பார்த்தவர் யார் என்று கேட்டார். சப்-இன்ஸ்பெக்டர் பையன்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பூவராகவன் எழுந்தான். பிடித்த சட்டையை விடாமல் பூவம்மாளும் எழுந்தாள். பார்த்ததை அவன் சொல்லி முடிக்கும்வரை சப்-இன்ஸ்பெக்டரின் கண் அவன்மேலேயே இருந்தது.

அப்படியானால் பிணத்தைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும், தாய் சம்மதிக்கிறாளா என்றார் சப்-கலெக்டர். கூட்டம் பீவி ஜானைப் பார்த்தது. மண்ணில் வைத்த பிள்ளையை மறுபடி எடுப்பதா? அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு சொன்னாள்:

"தோண்டுங்க சாமி. அவன் கால பாருங்க. பாத்துட்டு, நல்லா மூடிடுங்க."

தோண்டினார்கள். டாக்டர் பார்த்தார், அடிதான் என்று எழுதினார். சப்-இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிளும் சஸ்பெண்ட் ஆனார்கள். கேஸ் நடக்கிறது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பூவராகவன் ரயிலேறிப் போக வேண்டும், அவர்களும் அதே கோர்ட்டு வராந்தாவில்தான் நிற்பார்கள்.

அந்த நாட்களில் பூவம்மாளுக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் பீவி ஜான் வந்துவிடுவாள். வாசலில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவன் தலை தெருவில் தெரிந்ததும் பீவி ஜான் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, தன் வீட்டுக்குப் போவாள்.