முப்பத்தைந்தும் முப்பத்துமூன்றும்

பதினைந்தும் ஏழும் இருபத்திரண்டு. பத்து சேர்ந்தால் முப்பத்திரண்டு. மூன்று சேர்ந்தால் முப்பத்தைந்து. ஒன்று கூடுதல். பக்கத்து வரிசையில் பதினான்கும் ஆறும் இருபது. பதினொன்று சேர்ந்தால் முப்பத்தொன்று. இரண்டு சேர்ந்தால் முப்பத்துமூன்று. ஒன்று குறைவு. இரண்டுமே முப்பத்துநான்கு வந்திருக்க வேண்டும். ஆறும் ஏழும் இடம் மாறிவிட்டன, அவ்வளவுதான். பதினேழு நாளாக மனத்துக்குள் இதையே கூட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவையாவது சரியாக வந்துவிடாதா?

வியாகுலமேரி காகிதத்திலிருந்து கண்ணை எடுத்தாள். அதைக் கொண்டுவந்து விரித்து வைத்த அழகம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கைக்குழந்தை சந்தனம் தூங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தின் ஓரத்தில் அரக்குக் கறை இருந்தது. தாயத்துக் குழாய்க்குள் கிடந்த பழக்கத்தில், கையை எடுத்ததும் அது மறுபடி சுருண்டுகொண்டது. நாலுக்கு நாலு கட்டம். பதினாறு எண்கள். எழுதியிருந்தது வியாகுலமேரிதான்.

“எங்க பெசகுன்னு பாத்துட்டீங்களா, டீச்சரம்மா?”

“பாத்தேன்.”

“அப்ப அதத் திருத்திப் புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க. சந்தனத்துக்கு. எங்களுக்கு இது ஒண்ணுதான் மிச்சம்.”

சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அதை ஒட்டிய இந்த ஓட்டு வீட்டில் வியாகுலமேரி தனியாகக் குடியிருந்து ஆறு வருஷமாகிறது. குன்றாண்டார்கோவிலிலிருந்து இரண்டு மைல். சொந்த ஊர் ஆவூர். தாயும் தகப்பனும் போன பிறகு அங்கே அண்ணன் வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இங்கே அவளுக்கென்று இருந்தது அந்தப் புத்தகம். திருச்சியில் டிரெய்னிங் படித்த காலத்தில் பழைய புத்தகக் கடையில் எடுத்தது. அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கமும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த விளையாட்டுக் கணக்குகளை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பிடித்தாள். எட்டுப்படிப் பாத்திரத்தில் நிறைந்திருக்கும் எண்ணெயை ஐந்துபடியும் மூன்றுபடியும் மட்டும் கொண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். சதுரங்கக் குதிரை அறுபத்துநாலு கட்டத்தையும் ஒவ்வொரு தடவை மிதித்துவர வேண்டும். விடைப் பக்கங்களும் கிழிந்திருந்தது அவளுக்கு ஒரு பாக்கியம். ஒரு கணக்கு நான்கு மாதம் அவளோடு கூடவே வரும். சோறு வடிக்கும்போதும், வருகைப் பதிவு எடுக்கும்போதும், பூசையில் முழந்தாளிடும்போதும் உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் திடீரென்று அவிழும்போது ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். சொல்ல யாரும் இல்லை. அடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு நோட்டை மூடுவாள்.

எல்லாவற்றிலும் அவளுக்குப் பிடித்தது எண்சதுரம். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை. அதை முடிக்கும்போது ஒரு வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிவிட்ட மாதிரி இருக்கும்.

குப்பையில் போட்ட அப்படி ஒரு காகிதத்தைத்தான் போன ஐப்பசியில் அழகம்மாள் எடுத்துப் போனாள். அந்த வட்டாரத்தில் கட்டம் போட்டு எண் எழுதுவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நார்த்தாமலைப் பக்கமிருந்து ஒருவர் வந்து செப்புத்தகட்டில் கீறிக் கொடுப்பார். சுருட்டிக் குழாயில் அடைத்து, அரக்கு வைத்து, கழுத்தில் கட்டுவார்கள். டீச்சரும் எழுதுகிறார்கள், ஆனால் வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்று அழகம்மாள் நினைத்துக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து பொழுது சாய்ந்தால் வீரிட்டுக்கொண்டிருந்த சந்தனத்துக்கு அதைக் கட்டினாள். மூன்றாம் நாள் அழுகை நின்றது. மூன்று மாதமானால் எந்தப் பிள்ளைக்கும் நிற்கிற அழுகைதான்.

அதன் பிறகு ஆட்கள் வந்தார்கள். வியாகுலமேரி மறுத்துத்தான் பார்த்தாள். “இது வெறும் கணக்குங்க. விளையாட்டு. எப்படிக் கூட்டினாலும் பதினஞ்சு வரும், அவ்வளவுதான்” என்று கூட்டியும் காட்டினாள்.

“எங்கிட்டுக் கூட்டுனாலும் ஒரே தொகையா?” பிச்சைமுத்து என்ற பெரியவர் விரலைக் கட்டத்தின் மேல் வைத்து, உதடு அசையக் கூட்டினார். குறுக்கே. நெடுக்கே. மூலைக்கு மூலை. நிமிர்ந்தபோது அவர் முகம் விரிந்திருந்தது. “அடேயப்பா! இத வெறுங் கணக்குங்கிறீங்களே, தாயி!”

அந்த முகத்துக்காகத்தான் எழுதினேன், என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. அவர் கண்டது சக்தி, அவள் கண்டது அழகு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே கட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவளோடு சேர்ந்து அப்படிப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். அவருக்கு வயது ஐம்பத்தொன்று என்றார். நடுவில் பதினேழை வைத்து, எப்படிக் கூட்டினாலும் ஐம்பத்தொன்று வரும்படி எழுதிக் கொடுத்தாள். அவருக்குப் பிறகு பத்துப் பேர். ஒவ்வொருவரிடமும், “நம்பிக் கட்டாதீங்க” என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுதினாள்.

அழகம்மாளின் மூத்தவள் பிரகதாம்பாள் மூன்றாம் வகுப்பு. புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒவ்வொன்றாகப் பரிசலில் அக்கரை சேர்க்கும் கணக்கை வகுப்பில் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, எழுந்து நின்று கேட்டவள் அவள். “புலிய எதுக்கு டீச்சர் கூட்டிக்கிட்டுப் போகணும்? விட்டுட்டு வர வேண்டியதுதான?” வகுப்பே சிரித்தது. மறுநாள் காலையில் விடையோடு வந்தாள். முதலில் ஆடு.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்குக் காய்ச்சல் என்று அழகம்மாள் வந்து கட்டம் கேட்டாள். பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. வியாகுலமேரி நின்றபடியே எழுதினாள். குறுக்கே மட்டும் கூட்டிப் பார்த்தாள். நான்கு வரியும் முப்பத்துநான்கு வந்தது. கொடுத்துவிட்டு ஓடினாள்.

புதன் சாயங்காலம் பார்க்கப் போனாள். பிரகதாம்பாள் கிழிந்த பாயில் கிடந்தாள். கழுத்திலிருந்த குழாயின் அரக்கை நகத்தால் பெயர்த்துக் காகிதத்தை வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

“டீச்சர், பொய்க்கணக்கு எழுதிட்டீங்க.” குரல் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி வந்தது.

“என்னடி சொல்ற?”

“குறுக்க சரியா வருது. மேலருந்து கூட்டுனா இங்கிட்டு ஒண்ணு கூடுது, அங்கிட்டு ஒண்ணு கொறையுது. பாருங்க.”

வியாகுலமேரி பாயின் ஓரத்தில் உட்கார்ந்து கூட்டினாள். முப்பத்தைந்து. முப்பத்துமூன்று. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு கையாலும் அந்தப் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுப்படியிலிருந்து அழகம்மாள் கேட்டாள். “என்ன டீச்சரம்மா, அம்புட்டுச் சிரிப்பு?”

“டீச்சரு தப்பா எழுதிட்டாங்க ஆத்தா! நான் கண்டுபுடிச்சிட்டேன்!”

“எந்தக் கட்டம் மாறியிருக்குன்னு கண்டுபிடி, பாப்போம்” என்றாள் வியாகுலமேரி. “நாளைக்கு வந்து கேப்பேன்.”

கன்னம் கொதித்தது கைக்குத் தெரிந்தது. காதோரம் வரை கழுத்து வீங்கியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. குரல் காதுக்குத் தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் ஒன்றும் அவளுக்குள் இறங்கவில்லை. உள்ளே ஒரே ஒரு விஷயம் மணி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தி கூட்டிப் பார்த்திருக்கிறாள். நம்பாமல் கூட்டிப் பார்த்திருக்கிறாள். அன்று வீடு திரும்பி, அந்தப் பிள்ளைக்காக ஐந்துக்கு ஐந்து சதுரம் ஒன்று போட்டு, பாதி எண்களை வேண்டுமென்றே விட்டுவைத்தாள். நிரப்பட்டும் என்று. தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

வியாழன் விடிந்ததும் அழகம்மாளின் ஓலம் கேட்டது.

ஒரு வாரம் கழித்து, பள்ளிக்கூடத்துக்கு வந்த அம்மை குத்துகிறவரிடம் விவரத்தைச் சொன்னபோது அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். “தொண்டை அடைப்பான். புதன்கிழமையே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா ஊசி இருக்கு, டீச்சர்.” காலை எட்டு மணிக்கு ஒரு பஸ். சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்கு ஒரு பஸ். புதன்கிழமை அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பஸ் ஊரைத் தாண்டிப் போன சத்தம்கூடக் கேட்டது.

போன ஞாயிறு ஆவூர்க் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டாள்.

“கட்டம் எழுதிக் குடுத்தேன், சாமி.”

“பில்லி சூனியமா?”

“இல்லீங்க, சாமி. கணக்கு.”

“கணக்குப் போடுறது பாவம் இல்லியே, மகளே.”

“ஒரு புள்ள செத்துப்போச்சு.”

பலகைக்கு அந்தப்புறமிருந்து சாமியார், “அதுக்கும் நீ எழுதுனதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். கோயில் தூணருகே உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்துக்கு ஐம்பத்துமூன்று மணி. ஒன்றையும் தன்னையும் தவிர எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாத ஐம்பத்துமூன்று. பத்து வயதில் அதைக் கண்டுபிடித்து, மாதா தனக்கு மட்டும் காட்டிய ரகசியம் என்று வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது மணிகள் விரலுக்குள் வெறும் கொட்டைகளாக உருண்டன. வீட்டில் நோட்டைத் திறந்தாலும் அப்படித்தான். ஏழு என்று எழுதினால் தகரக் குரல் கேட்கிறது.

“ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல, டீச்சரம்மா.” அழகம்மாளின் குரல் அவளை இழுத்துவந்தது. “கை தவறிருச்சு. யாருக்குத்தான் தவறல? அவுக அப்பாதான் கத்துறாரு. டீச்சரு ஒழுங்கா எழுதியிருந்தா எம் பொண்ணு இருந்திருக்கும்னு. நான்தான் சொன்னேன், அவுகளும் மனுசிதான, போயிக் கேட்டா சரியா எழுதித் தருவாகன்னு.” சற்று நிறுத்தினாள். “ராத்திரியில படுத்தா இதேதான் ஓடுது. நீங்க அன்னிக்குச் சாயங்காலமே திருத்திக் குடுத்திருந்தா?”

வியாகுலமேரி அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளை நிமிர்த்தி வைத்திருப்பது இந்தக் காகிதம்தான். ஆறும் ஏழும் இடம் மாறியதால் மகள் போனாள் என்றால், தாய் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டாள் என்று ஆகிறது. கேட்டாள், வாங்கினாள், கட்டினாள்.

சரியாக எழுதியிருந்தாலும் போயிருப்பாள், அழகம்மா. எழுதாமலே இருந்திருந்தால் பஸ் ஏறியிருப்பாய். இதைச் சொல்லலாம். சொன்னால் இரண்டு நாள் பாயருகே உட்கார்ந்து குழாயைத் தடவிக்கொண்டிருந்த தன் கையை இவள் என்ன செய்வாள்? சொல்லாமல் எழுதிக் கொடுக்கலாம். பிழையில்லாமல் ஐந்து நிமிடத்தில் எழுதலாம். இவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவாள், இன்று நன்றாகத் தூங்குவாள். பிறகு ஒரு நாள் இந்தக் குழந்தையின் கழுத்து வீங்கும். கட்டம் சரியாக இருக்கிறது என்ற தைரியத்தில் இவள் முன்னைவிட நிம்மதியாகக் காத்திருப்பாள்.

இதற்கும் ஒரு வழி இருக்கும், பொறு, கண்டுபிடிக்கலாம் என்று பழைய வழக்கத்தில் மனம் நாலா பக்கமும் ஓடிப் பார்த்தது. அக்கரைக்கு எதை முதலில் கொண்டுபோவது? எதைக் கொண்டுபோனாலும் இக்கரையில் ஒன்று மற்றொன்றைத் தின்றது. புத்தகத்துக் கணக்குகளுக்கு விடை இருக்கிறது என்று யாரோ முன்பே பார்த்து வைத்திருந்தார்கள். இதை அப்படி யாரும் பார்த்து வைக்கவில்லை.

“தப்பு என்னோடதுதான், அழகம்மா” என்றாள். அந்தப் பழியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தபோது உள்ளே ஏதோ ஒன்று அணைந்தது. ஆறுதலும் இல்லை, அழுகையும் இல்லை. “ஒன்னோடது ஒண்ணுமில்ல.”

“அதான் சொல்றேன். திருத்திட்டாப் போச்சு.”

“சந்தனத்துக்கு ஒடம்பு லேசாச் சுட்டாலும் என்கிட்ட வா. எந்த நேரமா இருந்தாலும் வா. நானும் பஸ்சுல கூட வாரேன்.”

“பஸ்சுல யாரு வேணும்னாலும் வருவாங்க, டீச்சரம்மா. கட்டம் ஒங்களுக்குத்தான தெரியும்.”

அழகம்மாள் குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பெட்டி மேலிருந்த நோட்டை எட்டி எடுத்தாள். அதற்குள் செருகியிருந்த காகிதம் ஒன்று நழுவி விழுந்தது. ஐந்துக்கு ஐந்து. பாதிக் கட்டங்கள் காலி. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதென்ன, யாருக்கோ எழுதிப் பாதியில விட்டுட்டீங்க?”

வியாகுலமேரி கை நீட்டி அதை வாங்கி மடித்தாள். மறுபடியும் மடித்தாள்.

அழகம்மாள் நோட்டை வெள்ளைப் பக்கத்தில் விரித்து, பென்சிலை அதன் மேல் வைத்து, இரண்டையும் அவள் முழங்கால் வரை தள்ளினாள். “சின்னதாப் போதும். மூணுக்கு மூணு. எனக்காக.”

சந்தனம் தூக்கத்தில் ஒரு தடவை விம்மி அடங்கியது. வியாகுலமேரி பென்சிலை எடுத்தாள். அழகம்மாள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை, அது அவியும் வரை, பார்த்துக்கொண்டே இருப்பது என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டு, நோட்டை மூடி, பென்சிலை அதன் மேல் வைத்துத் திருப்பித் தள்ளினாள்.

“இல்ல, அழகம்மா” என்றாள். “நான் எழுதல.”