வினாயகபுரத்துப் பகல் சோறு

விடிய எழும்பி அழகரெத்தினம் கிணற்றில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளினான். ஒன்று முகம் கழுவ, மற்றது அடுப்படிக்கு. அடுப்பை மூட்டிக் கேத்தலை வைத்தான். தேயிலை போட்டான். சீனி போடவில்லை. நின்றபடியே குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

மாரிகாலக் காய்ச்சலில் மனைவி செல்லத்தங்கம் இறந்த பிறகு அவனுடைய காலைகள் இவ்வளவுதான்.

முன்பு அந்த அடுப்படியில் பேச்சுச் சத்தம் ஓயாது. சமைக்கும்போது செல்லத்தங்கம் கடவுளோடு கதைப்பாள். செபம் என்று சொல்ல முடியாது, கண்ணை மூடமாட்டாள். விறகு ஈரமாக இருப்பதையும், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் புருஷனுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரையும் சொல்லிக்கொண்டிருப்பாள். அவர்கள் மருதமுனைக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வளவு நெசவுகாரர் நூஹுவின் மனைவி ஸுலைஹா, யாரோ விருந்தாளி வந்திருப்பதாக எண்ணி, அந்த ஆளுக்கும் சேர்த்து இடியப்பம் அவித்து அனுப்பினாள். விஷயம் தெரிந்ததும் இரண்டு பெண்களும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அழகரெத்தினத்துக்கு அவளுடைய இந்தப் பேச்சு கூச்சமாக இருந்தது. கல்லூரியில் வேதாகமம் படித்தவன், ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிறவன். கடவுள் என்ன அடுத்த வீட்டுக்காரரா என்று ஒருநாள் கேட்டான்.

“நீங்க அவரைப் பற்றிப் படிச்சிருக்கிறீங்க. நான் அவரோட பழகியிருக்கன்,” என்றாள் அவள். “சிலுவையில தன்னையே தந்தவர் என்ட கறிக்கு உப்புக் கூடினதக் கேக்கமாட்டாரா? உங்கட பிரசங்கத்தையே இருந்து கேக்கிறவர்தானே.”

அவள் இறந்த ஞாயிறு அவன் பக்கத்தில் இருக்கவில்லை. பஸ் ஏறிப் போகவேண்டிய வினாயகபுரத்தில் ஆராதனை நடத்த வேறு ஆள் இல்லை. காய்ச்சலில் கிடந்தவளை விட்டுப் போகத் தயங்கினான். சனம் காத்திருக்கும், போய்வாருங்கள் என்று அவள்தான் அனுப்பினாள். ஆராதனை முடிந்து பஸ்சுக்கு நடந்தபோது, கரைவலை இழுக்கும் முன்பின் தெரியாத மீனவர் ஒருவர், குணம் என்று பெயர், மறித்துத் தன் குடிலுக்குக் கூட்டிப்போனார். சோறும் மீன்குழம்பும் போட்டார். அழகரெத்தினம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்த நேரத்தில்தான் இங்கே அவள் மூச்சு நின்றிருந்தது.

வேதாகமத்து இரத்தசாட்சி ஸ்தேவானைப் போல ஆவியை ஒப்புக்கொடுத்து மரித்தாள் என்று சபையில் சொன்னார்கள். சொன்ன எவரும் அவள் பக்கத்தில் இருந்தவர் அல்ல. இருந்தவள் ஸுலைஹா மட்டும்தான். அவளிடம் அவன் கேட்கவில்லை. தான் குழம்பை ருசித்துக்கொண்டிருந்தபோது செல்லத்தங்கம் தன்னைத் தேடியிருந்தால்? அதன் பிறகு பகலில் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

நாளை அவன், மகனையே கொடுக்கத் துணிந்த ஆபிரகாமின் பலியைப் பற்றிப் பேச வேண்டும். ஊரே அதே பலியை நினைக்கும் ஹஜ்ஜுப் பெருநாளில் இருப்பதால் போதகர் அதையே கேட்டிருந்தார். முடிவில் மனைவியின் கடைசி வார்த்தைகளையும் சொல்லச் சொன்னார். ஊழியத்துக்காக மனைவியையே கொடுத்தவர் அல்லவா என்றார். அழகரெத்தினத்துக்கு அது உறுத்தியது. கையிலிருந்து பறிபோனதைப் பலி என்று எப்படிச் சொல்வது?

உச்சி நேரம் வேலி இடைவெளியால் ஒரு சட்டி வந்தது. சோறும், பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சிக் கறியும். வேண்டாம் என்றான்.

“பெருநாள் பங்கு, மாஸ்டர். வேணாம் எண்டு சொல்லப்படாது,” என்றாள் வேலிக்கு அப்பால் நின்ற ஸுலைஹா. “செல்லத்தங்கம் இருந்தா சட்டியையும் திருப்பித் தரமாட்டா.”

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. பகலில் சோறு இறங்காத காரணத்தைச் சொன்னான். குணத்தின் குடிலைச் சொன்னான், இரண்டாம் தரம் வாங்கியதைச் சொன்னான். பிறகு கேட்டான்:

“ராத்தா, அவ கடைசியா என்னைத் தேடினாவா?”

சட்டி நீட்டியபடியே இருந்தது.

“எந்நேரம் தின்டீங்க?”

“இந்த நேரம்தான்.”

“அல்லாஹ்,” என்றாள் ஸுலைஹா மெதுவாக. பிறகு சொன்னாள்: “தேடல்ல, மாஸ்டர். பகல் லுஹருத் தொழுகைக்குப் பாங்கு சொல்லக்குள்ள கண்ணத் துறந்தா. என்னோட கதைக்கல்ல. கறி ஆக்கக்குள்ள கதைப்பாவே, அவருட்டத்தான் சொன்னா. அதுக்குப் பிறகு பேச்சில்ல. உங்கட ஆக்கள் பெரிய வசனமெல்லாம் சொல்றாங்க. இது சோத்துக் கத. அதான் நான் வாய் துறக்கல்ல.”

போதகர் சொன்னதையும் அவன் சொன்னான்.

“நீங்களா அவவக் குடுத்த? அவவெல்லோ உங்களக் குடுத்த. தெரிஞ்ச ஆளுட்டத்தான் பாரம் குடுத்துட்டுப் போனா.”

அழகரெத்தினம் இரண்டு கையாலும் சட்டியை வாங்கிக்கொண்டான். அவள் சொன்னதை அப்படியே சொல்லும்படி கேட்டான். ஸுலைஹா, செல்லத்தங்கத்தின் குரலிலேயே சொன்னாள்:

“ஆண்டவரே, அவர் வெறுந்தேத்தண்ணியோட போயிற்றார். ஆரையாவது கொண்டு பகலைக்குச் சோறு குடுத்திரும். மீன் இல்லாட்டி அவர் தின்னமாட்டார்.”