சுண்டெலி வாடை

காலையில் நுண்ணோக்கியில் குனிந்தவள் அதே கண்ணாடிச் சில்லுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜப்பானில், எங்கள் கனஸாவா ஆய்வகத்தில் சினைச் சுண்டெலிகளுக்கு ஆண் ஹார்மோன் ஊசி போடுவோம். அவை ஈனும் பெண்குட்டிகள் வளர்ந்ததும் சினைப்பருவச் சுழற்சி தடுமாறும். பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு தாய் வயிற்றிலேயே தொடங்குகிறதா என்று அதில் பார்க்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் எண்ணெய் ஊசி போட்ட தாய்களின் குட்டிகளும் உண்டு. அதுகளுக்குச் சுழற்சி ஒழுங்காக ஓட வேண்டும். புத்தாண்டு விடுமுறை வரை ஓடியது. இப்போது அதுகளுக்கும் நின்றுபோயிருந்தது.

எண்ணெயில் ஹார்மோன் லேசாகக் கலந்திருந்தால் கோளாறு தாமதமாக வரலாம். அப்படியானால் என் முனைவர் பட்டம் குப்பைக்குத்தான். அந்த எண்ணெயை எடுத்து வைத்தவள் சயோரி, ஆய்வகத்தில் எனக்கு அடுத்தபடி வந்தவள்.

"ஏன்டி, ரெண்டு பாட்டிலுக்கும் ஒரே ஊசியப் போட்டுத் தொலைச்சியா?"

"இல்லக்கா, சத்தியமா வேற வேற ஊசிதான்."

"அப்ப இதுங்க மட்டும் எதுக்கு வேலைநிறுத்தம் பண்ணுது?"

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் அழுகைதான் வந்தது, கோபமாக வெளியே வந்தது. பேச்சை நிறுத்தி எலி அறைக்குள் போனேன். ஏதோ குறைந்தது. மாஸ்க்கை இறக்கி முகர்ந்தேன். நாற்றமே இல்லை.

"ஆம்பள எலிங்க எங்கடி?"

"வருஷக் கடைசி சுத்தம் பண்ணோம்லக்கா. அதுங்க வாடை குடலப் பிடுங்குச்சு. பக்கத்து ரூமுக்கு மாத்திட்டேன்."

மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துத் தள்ளாமல் எங்கள் ஆட்களுக்குப் புத்தாண்டு மோச்சிக் கொழுக்கட்டை தொண்டையில் இறங்காது. அந்த வெறியில், பெண் எலிகளை மட்டும் கூட்டமாக வைத்து ஆண் வாடையே இல்லாமல் செய்தால் சுழற்சி நின்றுவிடும் என்பதை இவள் மறந்துவிட்டாள். பரீட்சையில் அதை எழுதித்தான் பாஸானாள்.

"போய் அந்த ஆம்பள எலிங்க படுத்த அழுக்கு மரத்தூள அள்ளிட்டு வா. எல்லாக் கூண்டுலயும் போடு."

சில நாளில் எண்ணெய்க் குட்டிகளுக்குச் சுழற்சி திரும்பியது. ஹார்மோன் குட்டிகளுக்கு நின்றது நின்றபடியே. எண்ணெய் சுத்தம். சயோரி சொன்னதும் நிஜம்.

"அடுத்த வருஷம் உன் வீட்ட மட்டும் சுத்தம் பண்ணு," என்றேன். "அன்னிக்குக் கத்துனதுக்கு மன்னிச்சுக்கோ."

"பரவால்லக்கா. முதல்ல மாஸ்க்கப் போடுங்க, நாறுது."

நான் போடவில்லை. அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.