கேலிச் சொந்தம்

"கூட்டமைப்பை விட்டு விலகியதற்கு நன்றி" என்று எழுதிய அட்டையை எங்கள் சங்கத்து நியேலே தலைகீழாகப் பிடித்திருந்தாள். நேராகப் பிடிடி என்றேன். "எப்படிப் பிடிச்சா என்ன, அதுல சோறா கொட்டப்போகுது?" என்றாள். கால்பந்து மைதானம் முழுக்கப் புழுதிக் காற்று. உருளைக்கிழங்குப் பெண்கள் சங்கம் இருபது பேரை அனுப்பவேண்டும், சங்கத் தலைவி மேடையேறி அரசாங்கத்துக்கு நன்றி சொல்லவேண்டும் என்று ஊர் அதிகாரியின் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தத் தலைவி நான்தான், அஸ்ஸான் திராவோரே. வாசிக்கவேண்டிய தாளையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். வாயை மட்டும் நான் கொண்டுவந்தால் போதுமாம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். என் மகள் வாஸா எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில், புவாக்கேயில் இருக்கிறாள். புருஷன் அங்கே தையல்காரன். முதல் பிள்ளை வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. இப்போது ஏழாம் மாதம். கட்டிலை விட்டு அசையாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவளோ போனில், "அம்மா, ஏப்ரல்ல நீ வந்துருவியா? வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. வெள்ளிக்கிழமை பஸ்ல நான் அங்க வந்துடறேன். இன்னொரு தடவ தனியா கிடந்து பெத்துக்க மாட்டேன்" என்கிறாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பஸ் ஓடுமா என்று பஸ்காரர்களுக்கே தெரியவில்லை. பக்கத்து நாடுகளெல்லாம் சேர்ந்த கூட்டமைப்பில் நாங்களும் இருந்ததால், இதுவரை என் அடையாள அட்டையைக் காட்டினாலே எல்லையில் கதவு திறக்கும். எங்கள் நாடு அதை விட்டு விலகிய பிறகும் திறக்குமா? திறக்குமென்றால் அவள் அங்கேயே படுத்திருக்கட்டும். திறக்காதென்றால் பத்து மணி நேரம் குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கி வந்துதான் தீரவேண்டும். குழந்தை தாங்குமா? நானே இப்போது கிளம்பிவிடலாம்தான். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. இந்த மாதம் தோண்டாவிட்டால் வருஷம் முழுக்க மண்ணைத்தான் தின்னவேண்டும்.

விலகுகிறோம் என்று ரேடியோவில் சொல்லிப் பதினைந்து நாளாகிவிட்டது. நான் கேட்காத ஆள் இல்லை. பஸ் நிலையத்தில் ஒருவன், "ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்றான். போலீஸ்காரன், "எதுக்கும் பாஸ்போர்ட் எடுத்து வெச்சுக்க" என்றான், ஏதோ சந்தையில் விற்கிற சாமான் மாதிரி. உள்ளூர் ரேடியோவுக்குப் போன் போட்டேன். "நாங்க போகலாமா, கூடாதா" என்று வாயெடுத்ததுமே பாட்டுப் போட்டுவிட்டார்கள். ஆபீஸில் மூன்று நாள் உட்கார்ந்தேன். மேலிடத்துத் தாள் வரவில்லையாம். வேப்பமரத்தடியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஆம்பிளைகளோ, "நாட்டு மானம் பெருசா, உன் கிழங்கு பெருசா?" என்றார்கள். அட, மானம் வேண்டாமென்று யார் சொன்னது! கூட்டமைப்பின் மேல் எனக்கென்ன காதலா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் எல்லையை அடைத்தபோது என் கிழங்கு லாரியிலேயே அழுகியது. அன்றைக்கு அவர்கள்மேல் மண்ணை வாரித் தூற்றியவள் நான். அடைபட்ட எல்லை எப்படியிருக்கும் என்று பார்த்தவள்தானே கேட்பாள்?

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் எங்கள் ஊர் அதிகாரி ஜாரா உட்கார்ந்திருந்தார். அவர் ஜாரா குலம், நான் திராவோரே. எங்கள் பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்தே இரண்டு குலத்துக்கும் கேலிச் சொந்தம். மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குமுன் தூசு. செத்த வீட்டில்கூட ஒருத்தரை ஒருத்தர் அடிமை, பயறு தின்னி என்று ஏசலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்தால் குலத்துக்கே கேடு. மேடையில் வேறு யார் இப்படி எதிர்க்கேள்வி கேட்டாலும் பிடித்து உள்ளே போடுவார்கள். நான் கேட்கலாம். அந்தத் தைரியத்தில்தான் படியேறினேன்.

"இவகிட்டயா மைக்கக் குடுக்கறீங்க?" என்று அவரே ஆரம்பித்தார். "தட்டப்பயறு தின்னி! மைக்கையும் பயறுன்னு நெனச்சு முழுங்கிடப் போறா!"

மைதானம் சிரித்தது.

"என் அடிமைக்கு நாற்காலி போட்டவன் எவன்டா?" என்றேன். "ஏ ஜாரா! உனக்குப் பயறு வேகவெச்சே எங்க ஊர் விறகெல்லாம் தீந்துபோச்சு!"

தொடையைத் தட்டிச் சிரித்தார். இதுதான் சமயமென்று கேட்டேன். "சரி, பயறு தின்னி, ஒண்ணு சொல்லு. ஏப்ரல் மாசம் என் அடையாள அட்டைய வெச்சுக்கிட்டு நான் என் மகளப் பாக்கப் போக முடியுமா?"

"அடிமைக்கு எதுக்கு அட்டை? நானே உன்ன மூட்டையில கட்டி, கிழங்குன்னு எழுதி அனுப்பிடறேன்!"

மறுபடியும் சிரிப்பு. மேளக்காரன் ரெண்டு தட்டு தட்டினான்.

"விளையாடாத. பிள்ளத்தாச்சி படுத்துக் கிடக்கறா."

"பேரனுக்கு ஜாரான்னு பேர் வை, எல்லை தன்னால தொறக்கும்!"

கீழே என் சங்கத்துப் பெண்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எந்தச் சொந்தத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேனோ, அதற்குப் பின்னாலேயே இந்த மனுஷன் ஒளிந்துகொள்கிறான். நான் அழுது புரண்டு கேட்டாலும் இன்றைக்கு அது வேடிக்கைதான். சாயங்காலம் ரேடியோவில், கூட்டம் கலகலப்பாக நடந்தது என்று சொல்வார்கள்.

கொடுத்த தாளை மடித்து அவர் மடியில் வைத்தேன்.

"ஜாரா, இன்னைக்கு நான் உன் கேலிச் சொந்தம் இல்ல."

எங்கள் பக்கம் யாரும் சொல்லாத வார்த்தை அது. கோர்ட்டில்கூடச் சொல்லமாட்டார்கள். மேளக்காரன் கையை அப்படியே நிறுத்திவிட்டான். முன்வரிசையில் ஒரு கிழவர், "அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லா மன்னிக்கணும்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க அதிகாரி. நான் ஒரு பிள்ளைக்குத் தாய். அவ நாளைக்கு, வெள்ளிக்கிழமை பஸ்ல ஏறணுமா, வேண்டாமா? சொல்லுங்க."

ஜாராவின் முகத்தில் சிரிப்பு வடிந்துவிட்டது. எழுந்து வந்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். கிட்டத்தில் பார்த்தபோது மனுஷனுக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லையென்று தெரிந்தது.

"தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. நானும் ரேடியோவுலதான் கேட்டேன். என் தங்கச்சியும் அங்கதான் இருக்கா."

பாவமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது. "இத ஆபீஸ்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! மூணு நாள் உக்கார வெச்சீங்களே!" மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "கேட்டுக்குங்க! இவருக்கும் தெரியாதாம்!"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நியேலே நன்றி அட்டையை மண்ணில் போட்டுவிட்டு, "அப்ப எம் புருஷன்? அவரும் எல்லைக்கு அந்தப் பக்கம் அபிஜான்ல இருக்காரே?" என்றாள். "என் தம்பி?" என்றாள் இன்னொருத்தி. பின்னாலிருந்து ஆண் குரல்களும் கேட்டன, வேப்பமரத்தடி ஆசாமிகளின் குரல்களும்தான். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக மேடைப் படியில் வந்து நின்றார்கள், கையில் அடையாள அட்டையோடு, ரேஷனுக்கு நிற்கிற மாதிரி. ஜாரா நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் என் அட்டையைத்தான் முதலில் வாங்கினார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார்.

காலை மணி பதினொன்று. நாளை விடிகாலை ஐந்துக்கு பஸ். புவாக்கேயில் என் மகள் படுத்தபடியே ஒவ்வொரு துணியாகப் பையில் வைப்பதும், வெளியே எடுப்பதுமாக இருப்பாள்.