தடுப்புக்கு அந்தப் பக்கம்

...இல்லை, அது அவருடைய பட்டையேதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மணிக்கட்டு இளைத்துவிட்டதே என்று என் தையல் கடையில் ஊசியைக் காய்ச்சி நானே போட்ட கூடுதல் ஓட்டை, அது எப்படி டிரில் மாஸ்டர் கையில்? என் வீட்டுக்காரர் நடப்பதை எண்ணவேண்டிய பட்டை பக்கத்து வீட்டுக்காரரின் கையில் ஏறி வீசி வீசிப் போகிறது, என்னைக் கண்டதும் அந்தக் கை முதுகுக்குப் பின்னால் ஒளிகிறது, எத்தனை பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்த மனிதர், இப்போது அவர் முழிக்கிற முழியைப் பார்க்கவேண்டும். என் வீட்டுக்காரர் எங்கே என்றேன். "தெருக்கோடியில இருப்பாரும்மா... நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

யாருக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தத் தெருவை மறித்தோம்? தினமும் முக்கால் மணி நேரம் நடக்காவிட்டால் இன்னொரு மாரடைப்பைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார், இவரோ, எவனாவது வண்டியில வந்து இடிச்சிட்டுப் போவான், பயமா இருக்கு என்றார், நம்பினேன், ஒரு நாள் நடந்து பழகிவிட்டால் மற்ற நாளும் நடப்பார் என்று கணக்குப் போட்டு அறுபத்திரண்டு வீட்டுப் படி ஏறினேன், மூன்று மணி நேரம் வண்டி வராவிட்டால் பிள்ளைகள் ஓடும், பெரியவர்கள் நடப்பார்கள், ரத்தக்கொதிப்பு இறங்கும் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துக் கையெழுத்து வாங்கினேன், இருபது வாரமாக மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு தடுப்பருகே நின்று கார்க்காரர்களிடம் திட்டு வாங்கினேன். ஊருக்கெல்லாம் பலித்தது, மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு ஒரு மாத்திரை குறைந்தது, பல் டாக்டர் ஐம்பது வயதில் சைக்கிள் பழகி இரண்டு முறை விழுந்தும் சிரிக்கிறார், என் வீட்டில் மட்டும், இன்னைக்கு எத்தனை அடி என்று நான் வாசலிலேயே கேட்பேன், பட்டை எட்டாயிரம் காட்டும், ரத்தக்கொதிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், நான் என் சமையல் உப்பைக் குறை சொன்னேன், மாத்திரையைக் குறை சொன்னேன், டாக்டரிடமே சண்டைக்குப் போனேன்... நெற்றியில் வியர்வையோடு வருவாரே, அது என்ன, குழாய்த் தண்ணீரா? நானும் துண்டை எடுத்து நீட்டினேனே, என்னைப்போல ஒரு மக்கு உண்டா?

இன்றைக்கு எனக்கு அடுத்துத் தடுப்பருகே நிற்கவேண்டியவள் சீக்கிரம் வந்து, நான் நிக்கறேன், நீங்களும் ஒரு நாள் நடங்கக்கா என்று அனுப்பாவிட்டால் இது எத்தனை வருஷம் ஓடியிருக்கும்? கோடித் தடுப்பில் நின்ற பெண்ணுக்கு ஒன்றும் புதிதில்லை. "சார் எப்பவும்போல கார்லதான் இருக்காருக்கா." எப்பவும்போல, அப்படியென்றால் தெருவுக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. தெருவை அடைக்குமுன் எல்லோரும் காரை வெளியே எடுத்து நிறுத்துவது வழக்கம், இவர் நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. தூங்குகிறாரா, எவளோடாவது போனில் பேசுகிறாரா, பேசினால்கூட ஆத்திரம் தீரக் கத்திவிடலாம்... கண்ணாடி வழியே பார்த்தேன். பட்டை இல்லாத வெறும் மணிக்கட்டில் இரண்டு விரலை அழுத்திக்கொண்டு, கார்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, உதடு அசைய நாடியை எண்ணிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்துவிட்ட டிரில் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார். "நடந்தா நெஞ்சு நின்னுடும்னு பயப்படறாரும்மா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்." அப்படியா, நடிப்பை எனக்கு வைத்துவிட்டு நெஞ்சைத் திறந்து காட்டியது இவரிடமா, முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவளை விட்டுவிட்டு வேலிக்கு அந்தப் பக்கத்து மனிதரிடமா? பொய் எட்டாயிரம் போகட்டும், இதை எப்படிப் பொறுப்பது, என்னிடம் சொல்ல என்ன தடை, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன், தினம் தினம் அவரிடம் நான் என்னதான் கேட்டேன்...

அவர் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், அவசரமாகக் கண்ணாடியை இறக்கினார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"இன்னும் பாக்கலை," என்றார். "எட்டாயிரம் இருக்கும்."