கை ஏறாத வளையல்

பூம்பாறையில் யார் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்று பாப்பம்மாளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. பக்கத்து வீட்டுக் காளியாயியின் மருமகள் அன்னக்கொடிக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. கூப்பிடுவதற்கு முன்பே போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள்.

வளையல்காரர் எடுத்த முதல் வளையல் புறங்கையிலேயே நின்றுவிட்டது. அடுத்த அளவு, விளக்கெண்ணெய் தடவியும் ஏறவில்லை.

“இரட்டைப் பிள்ளைல்ல! உடம்பு பூரிச்சுக் கெடக்கு” என்றாள் காளியாயி, பெருமை தாங்காமல். கூட்டத்துக்கு ஒரே குஷி.

பாப்பம்மாள் சிரிக்கவில்லை. நாலு நாளைக்கு முன்னால் இதே அளவு வளையலை அன்னக்கொடி போட்டுப் பார்த்ததை அவள் வேலி இடுக்கு வழியே (தற்செயலாகத்தான்) பார்த்திருந்தாள். அன்று வழுக்கிக்கொண்டு போனதே! குனிந்து அன்னக்கொடியின் காலை விரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

“தலை வலிக்குதா தாயி?”

“மூணு நாளா மண்டை பொளக்குது அத்தை. உங்க மூஞ்சியே கலங்கலாத் தெரியுது.”

பாப்பம்மாளுக்குத் திக்கென்றது. அம்மை குத்த வந்த நர்சம்மாவிடம் வம்பளந்தபோது கேட்டது: வீக்கம், தலைவலி, கண் மங்கல் மூன்றும் சேர்ந்தால் ரத்தக் கொதிப்பு, அசட்டையாக இருந்தால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போய்விடும்.

“மதினி, வெரசா கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்!”

“வளையல் போடாம பாதியில எந்திரிச்சா ஆகுமாடி?”

பாப்பம்மாள் தட்டிலிருந்த மஞ்சளை ஒரு நூலில் முடிந்து அன்னக்கொடியின் மணிக்கட்டில் கட்டினாள். “ஊர்த் திருவிழாவுக்கே இதுதான் காப்பு. ஒம் மருமகளுக்கு ஆகாதாக்கும்? எந்திரி தாயி!”

பூண்டு லாரி ஒன்று கோடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பாப்பம்மாள் நடுரோட்டில் போய் நின்றாள்.

“சாக ஆசையா கெழவி?” என்று டிரைவர் கத்தினான்.

“கெழவி உங்கம்மா! கதவைத் தொறடா!”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்து முகம் மாறினார். வீக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். அன்னக்கொடியின் புருஷன் வேலப்பன் முழித்தான். பாப்பம்மாள் நாள், கிழமை, வேளை எல்லாம் ஒப்பித்தாள். ஊசி மேல் ஊசி போட்டார்கள்.

மறுநாள் காலை குவாவென்று சத்தம். ஒரே ஒரு பெண் பிள்ளை. தாய்க்கும் கண் தெளிந்துவிட்டது.

வேலப்பன் அழுதுகொண்டே, ஊருக்குச் சேதி சொல்லக் கிளம்பினான்.

“நீ பொண்டாட்டி பக்கத்துல இருடா. சேதி என் சோலி” என்று அவனைத் தள்ளிவிட்டு, நகரத் தொடங்கியிருந்த பூம்பாறை பஸ்ஸின் பின்னால் ஓடினாள் பாப்பம்மாள்.