ஹேலிபர்ட்டனின் கல்

"என் பேரைக் காணோம் டூகல்."

பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் ஹேலிபர்ட்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னோடு பேசினார். தேவாலய வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி யூஃபீமியா குடை பிடித்திருந்தாள்.

ஸ்காட்லாந்தில் எங்கள் எல்ஜின் ஊரில் இந்த மகானுபாவர் வரைபடம் போடாத கட்டடம் இல்லை. சிறைச்சாலையோ, சாராய ஆலை முதலாளியின் குதிரை லாயமோ, எல்லாவற்றுக்கும் அதே ரோமாபுரித் தூண்கள். ரோமுக்குப் போனதென்னவோ ஒரே தடவை. அங்கேயும் வயிற்றுப்போக்கில் படுத்தே கிடந்தாராம், யூஃபீமியாவே சொன்னாள். கல்லை இவர் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. கையுறை அழுக்காகிவிடும்.

எங்கள் சபையில் கடவுளின் பெயரையே பெரிதாக வெட்ட யோசிப்பார்கள். இந்தத் தேவாலயத்தைக் கட்டியபோது இவருக்கோ வாசலோரம் ஆள் உயரத்தில் ஒரே கல், அதில் தன் பெயர் வேண்டியிருந்தது. எங்கள் ஊர் மணற்கல் ஏடு ஏடாக இருப்பது. குவாரியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும். நிமிர்த்தினால் மழையும் பனியும் உள்ளே புகுந்து தோலுரித்துவிடும். உளி பிடித்த முதல் வாரமே எங்களுக்குத் தெரிகிற விஷயம்.

"உரிஞ்சிரும் ஐயா. சின்னக் கல்லா அடுக்கி வெட்டித் தரேன்," என்றேன்.

"என் பேருக்குக் குறுக்க கோடா? ரோம்ல போய்ப் பாருடா. வரைஞ்சவன் நானா, நீயா?"

என் ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. நிமிர்த்தியே வைத்தேன். உரியட்டும் என்றே என் வாழ்நாளில் வெட்டாத அழகில் வெட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை பேரனுக்கு ஞானஸ்நானம்," என்றார் இப்போது. "என் பேரைத்தான் வைக்கிறோம். ஊரே வரும். அதுக்குள்ள மறுபடி வெட்டிக் குடுப்பா."

கல்லைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மிஞ்சியிருந்த எழுத்தும் கையோடு வந்துவிட்டது.

"இதுல உளி வெச்சா மொத்தமும் வந்துரும். அன்னைக்கே சொன்னேனே ஐயா."

"சொன்னியா?"

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. இந்த ஒரு நாளுக்காகத்தான் பதினெட்டு வருஷம் காத்திருந்தேன். பாவி மனுஷன் அதையும் கெடுத்துவிட்டார்.

"சொன்னாரு," என்றாள் யூஃபீமியா. "கல்லு உரியுமாம்னு சாப்பாட்டு மேசைல நீங்கதான் விழுந்து விழுந்து சிரிச்சீங்க."

ஹேலிபர்ட்டன் கையுறையைக் கழற்றினார். முழங்கால் போட்டு, ஈரத்தில் கிடந்த செதில்களைப் பொறுக்கித் தொப்பிக்குள் போட ஆரம்பித்தார். ஒன்றை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"இது என்ன எழுத்து டூகல்?"

தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் சொல்லவில்லை. அவர் வழுக்கையில் மழை விழுந்துகொண்டிருந்தது. யூஃபீமியா குடையை என் பக்கம் சாய்த்தாள்.